கமிஷன் வாங்காத துப்பறிவாளர்

அரங்கன் படுத்தபடியே உலகை ஆள்கிறார். நாம் ஸ்ரீரங்கத்தில் படுத்தபடியே நம் வலைப்பதிவு இணைப்பு வழியே பொருள் விற்றால் அமெரிக்க அமேசான் தரும் அஃபிலியேட் கமிஷனை டாலரில் வாங்க முடியாதா?

வாங்கலாம். ஆனால் அரங்கனிடம் யாரும் டபிள்யூ-8 பென் படிவம் கேட்பதில்லை, உங்களிடம் கேட்பார்கள். நீங்கள் அமெரிக்கர் அல்ல என்று உறுதி சொல்லும் வரிப் படிவம் அது. நமக்கு இருப்பது இனிஷியல், அவர்கள் கேட்பது குடும்பப் பெயர். பான் அட்டை, வங்கிக் கணக்கு, படிவம் மூன்றிலும் பெயர் ஒன்றாக இருந்தால் பாதித் தலைவலி போய்விடும். மீதிப் பாதி? 180 நாளுக்குள் மூன்று விற்பனையாவது நடக்காவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள். உத்திர வீதிக்காரர் அமெரிக்கத் தளத்திலா குக்கர் வாங்குவார்? நியூஜெர்சியில் வாசகர் இல்லையென்றால் அமேசானின் இந்தியத் திட்டத்திலேயே தொடங்குங்கள்.

திருச்சிச் சரக்கை வெளிநாட்டில் பிரபலமாக்கியவர் யார்?

ஷெர்லாக் ஹோம்ஸ்! 1887-ல் வந்த முதல் கதையிலேயே, கொலை நடந்த இடத்தில் கிடந்த சாம்பலை வைத்தே அது திருச்சிச் சுருட்டு என்று கண்டுபிடித்தார். கமிஷனே வாங்காத அஃபிலியேட்!

“5,000 ரூபாய் கட்டுங்கள், அமேசானில் சேர்த்துவிடுகிறேன்” என்கிறாரே ஒருவர்?

அஃபிலியேட் திட்டத்தில் சேரக் கட்டணமே கிடையாது. கட்டி ஏமாந்துவிட்டீர்களா? தயங்காமல் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள்.