தண்ணியை மாத்தலாமா, வேணாமா?

பழைய மகாபலிபுரம் சாலையின் அடுக்ககங்களில் அவ்வப்போது ஒரு தர்மசங்கடம் முளைக்கும். நீச்சல்குளத்துத் தண்ணீரை வடித்துவிட்டுப் புதிதாக நிரப்புவதா, இருப்பதையே மருந்து போட்டு ஓட்டுவதா? குடியிருப்போர் சங்கம் கூடும். குளோரின் மாத்திரையோடு வருகிற சயனூரிக் அமிலம் ஆவியாகாது, சேர்ந்துகொண்டே போகும், 100 பிபிஎம் தாண்டினால் குளோரினின் பலம் போய்விடும் என்று ஒருவர் சோதனைக் குப்பியைத் தூக்கிக் காட்டுவார். முழுக்க வடித்தால் நிலத்தடி நீர் முட்டித் தொட்டியையே மேலே தூக்கிவிடும் என்று இன்னொருவர் பயமுறுத்துவார். இருவர் சொல்வதும் உண்மைதான். 25 மீட்டர் நீளம், பன்னிரண்டரை மீட்டர் அகலம், சராசரி ஒன்றரை மீட்டர் ஆழம் என்றால் ஏறக்குறைய 4,70,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரிக்கு நாற்பது நடை. 2019 ஜூலையில் தவித்த சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர், அதில் இந்த மாதிரிக் குளம் ஐந்துதான் நிரம்பும்.

அந்தக் கூட்டங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. தண்ணீர் கெட்டுப்போனதைக் கண்டுபிடிக்கவும், கண்டுபிடித்த அன்றே குளத்தைப் பூட்டவும் இந்த நகரத்துக்குத் தெரியும் என்பதற்கு அவைதான் சாட்சி. தெரியாது என்கிற நடிப்பெல்லாம் எண்ணூரின் முகத்துவாரக்குப்பம் என்கிற மீனவர் ஊரில்தான்.

இந்தக் குப்பத்துக்காரர்களின் குளத்துக்கு லாரி தேவையில்லை. கொசஸ்தலை ஆறு கடலில் விழுகிற எண்ணூர்க் கழிமுகம் அது. கடல் ஏறும்போது நிரம்பும், இறங்கும்போது வடியும். நாளுக்கு இரண்டு தடவை, ரசீது இல்லாமல், சங்கக் கூட்டம் இல்லாமல். மனிதர்கள் செய்ய வேண்டியிருந்தது, வாயை அடைக்காமல் இருப்பது மட்டும். அதுவும் முடியவில்லை. வடக்கே துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் எழுப்பினார்கள். கரையை ஒட்டி வடக்கே போகிற மணல் அங்கே முட்டித் தேங்கி, முகத்துவாரம் தூர்ந்துபோகிறது. வாரச் சொல்லிக் கேட்பதே மீனவர்களுக்கு ஒரு தொழிலாகிவிட்டது.

வாய்தான் அடைபட்டதே ஒழிய வசதிகளுக்குக் குறைச்சல் இல்லை. வடசென்னை அனல்மின் நிலையம் வெந்நீர் விடுகிறது. நட்சத்திர ஓட்டலில் வெந்நீர்க் குளத்துக்குத் தனிக் கட்டணம். இங்கே நீருக்குள் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடிக்கிற இருளர் பெண்களுக்கு அது இலவசம். செப்பாக்கம் சாம்பல் குட்டைக்குப் போகும் குழாய்கள் வழியெல்லாம் ஒழுகி, ஆற்றுக்கு அடித்தளமே போட்டுவிட்டன. காலை வைத்தால் சேறு இல்லை, சாம்பல். அடுக்ககத்துச் சுவரில் துளி பாசி தெரிந்தால் காவலாளியின் வேலைக்கு ஆபத்து. இங்கே கப்பல்கள் சமநிலைக்காகச் சுமக்கும் நீரோடு வந்திருக்கும் என்று சந்தேகிக்கப்படும் காக்கா ஆழி என்கிற சிப்பி, இறால் வாழ்ந்த தரையைப் பாய் விரித்தாற்போல் மூடிக்கொண்டது. யாருடைய வேலையும் போகவில்லை.

நீச்சல்குளத்தில் மூக்கில் ஏறுகிற நெடி வெறும் குளோரினுடையது அல்ல. வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள அமோனியா சேர்மங்கள் குளோரினோடு கலந்து கிளப்புவது. ஒரு குழந்தை ஒன்றுக்குப் போய்விட்டது என்று வாட்சப்பில் ஒரு வாரம் சண்டை நடக்கும். அதே எண்ணூரின் பெரியகுப்பத்தில் 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியாவே வந்தது. சனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள்.

அதற்கு மூன்று வாரம் முன்னால்தான் எண்ணெய். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக இறங்கி வீடு, படகு, வலை, கூழைக்கடாவின் சிறகு என்று எதையும் விடவில்லை. எங்கள் குழாயில் கசிவே இல்லை என்றது அங்கே சுத்திகரிப்பு ஆலை நடத்தும் சென்னை பெட்ரோலியம் நிறுவனம். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதியபோதும் முதலில் வந்தது மறுப்புதான், அப்புறம்தான் கரைக்கு எண்ணெய் வந்தது. எண்ணெயைவிட வேகமாக மிதப்பது அறிக்கை என்று நமது பொறியியல் கல்லூரிகளில் பாடம் வைக்கலாம். இரண்டு தடவையும் அள்ளுவதற்குக் கிடைத்த கருவி வாளி. ஆசியாவின் பெரிய கடற்கரை நகரங்களில் ஒன்று, மூன்று துறைமுகம், கடலோரக் காவல்படையின் மண்டலத் தலைமையகம், பக்கத்திலேயே ஐஐடி. கையில் வாளி. 2023-இல் கூடுதலாகக் குளியலறை மக்கும் வந்தது. அதைப் பிடித்திருந்ததும், உடம்பெல்லாம் தார் அப்பிக்கொண்டதும் எண்ணெயைக் கொட்டியவர்கள் அல்ல, மீன் பிடிக்க முடியாமல் போனவர்கள்.

அரசின் நிவாரணக் கணக்கு மட்டும் துல்லியமாக வந்தது. 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000, மற்ற 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500. எண்ணெய் படிந்த தண்ணீரில் எத்தனை மாதம் மீன் இருக்காது, இருந்தாலும் எண்ணூர் மீன் என்றதும் சந்தையில் எத்தனை பேர் முகத்தைத் திருப்புவார்கள் என்பதற்கெல்லாம் அந்தக் கணக்கில் கட்டம் இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் மாத்தலாமா வேணாமா என்று யாரும் சங்கத்தைக் கூட்டாததற்குக் காரணம் உண்டு. 1996-இல் மத்திய அரசு ஒப்புக்கொண்ட கடலோர வரைபடத்தில் இந்தக் கழிமுகம் இருந்தது. 6,469 ஏக்கர், கட்டுமானம் கூடாத பகுதி. 2017-இல் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாகக் கிடைத்த வரைபடத்தில் கழிமுகத்தையே காணோம். ஒரு மோட்டார் ஓடவில்லை, ஒரு துளி இறைக்கவில்லை, ஆறாயிரத்துச் சொச்சம் ஏக்கர் தண்ணீரை ஒரு பேனா வடித்துவிட்டது. இல்லாத குளத்தில் மண்ணைக் கொட்டினால் அது ஆக்கிரமிப்பா? சாம்பலைக் கொட்டினால் அது மாசா?

முகத்துவாரத்தை வாருங்கள், வெந்நீரை நிறுத்துங்கள், சாம்பலை அள்ளுங்கள் என்று குப்பத்தார் மனுமேல் மனுவாகக் கொடுக்கிறார்கள். அவற்றுக்கெல்லாம் ஆய்வு நடக்கிறது, குழு போட்டிருக்கிறோம் என்றே பதில் வருகிறது. சரி. அந்த 1996 வரைபடம் ஏதோ ஒரு அரசு அலமாரியில்தானே கிடக்கிறது. அதை எடுத்துத் தூசி தட்ட வாளிகூட வேண்டாம்.