501-வது யூனிட்டு

ஏய் பேராண்டி, கரண்டு பில்லக் கையில வச்சுக்கிட்டு அடுப்படிக்கும் வாசலுக்கும் எத்தன நட நடப்ப? இப்படித் திண்ணையில உக்காரு. "எல்லாம் இந்தக் கிரைண்டரால வந்த வினை"ன்னு நீ கட்டியாந்த அந்தப் புள்ளய வையிற சத்தம் திருச்சுழி தேரடிக்குக் கேக்குது.

படிச்ச மகராசன் நீ. 1000 வாட்டு சாமான் ஒரு மணி நேரம் ஓடுனா ஒரு யூனிட்டு, சரிதான? ரெண்டு லிட்டர் கிரைண்டர் மோட்டாரு சுமாரா 150 வாட்டு. 40 நிமிசம் ஆட்டுனா யூனிட்டுல பத்துல ஒரு பங்கு. பத்துத் தரம் மாவாட்டுனாத்தான் ஒரு யூனிட்டு. நீ என்னத்த வாங்கியாந்த? கேஸ் மிச்சமுன்னு இண்டக்ஸன் அடுப்பு. 2000 வாட்டுல வச்சு அர மணி நேரம் கறி வேக விட்டா அதே ஒரு யூனிட்டு! சின்னதாச் சுத்துற சாமான் சாது அப்பு, சூடேத்துற, குளுத்துற சாமான்தான் திங்கும். நம்ம காட்டுல வேலிக்கருவை வெறகு கெடக்கு, அதுக்கு எவனும் மீட்டர் மாட்டல.

கிரைண்டருமேல எனக்கும் ஒரு காலத்துல கோவம் உண்டு. 2011-ல அரசாங்கம் மிக்ஸி, கிரைண்டர், ஃபேன்னு இனாமாக் குடுக்க ஆரம்பிச்சுச்சு. சாமான் வந்துச்சு, கரண்டுதான் வரல. அடுத்த ரெண்டு வருசமும் பொம்பளையாளுக கிரைண்டருமேல துணியப் போட்டுட்டு ஆட்டுக்கல்லத்தான் கழுவுனாக.

இப்ப ஒன் பில்லுக்கு வாரேன். கண்ணாடிய மாட்டித்தான் பாத்தேன்; 501 யூனிட்டு. ஒரே ஒரு யூனிட்டு கூடுதல். 2022 செப்டம்பர்ல வந்த கட்டணத்த வச்சுச் சொல்றேன், இப்ப ரேட்டு கூடிருச்சு, கூத்து மாறல. ரெண்டு மாசத்துக்கு மொத 100 யூனிட்டு ஓசி. 500-க்குள்ள நின்னா அடுத்த 100-க்குப் பாதி வெலை, 2 ரூவா 25 காசு. மிச்சத்துக்கு அதது ரேட்டச் சேத்தா 500-க்கு 1,725 ரூவா. ஒண்ணு தாண்டுனியோ, அந்தப் பாதி வெலைச் சலுகை போச்சு. அந்த 100-க்கும் நாலர ரூவா. தாண்டுன யூனிட்டு 8 ரூவா. மொத்தம் 1,958. ஒத்த யூனிட்டுக்கு 233 ரூவா அப்பு! அருப்புக்கோட்டச் சந்தையில அந்தக் காசுக்கு ஒரு பை நெறையக் காய் வாங்கலாம். அந்த ஒண்ணு மாவுல போச்சா, கறியில போச்சா, ராத்திரி போர்வயப் போத்திக்கிட்டு ஏசியில தூங்குனியே, அதுல போச்சான்னு மீட்டர் சொல்லாது. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு, சொன்னா நீ மொறைப்ப.

இதுல ஒரு வேடிக்க. பக்கத்துல கமுதியில 648 மெகாவாட்டுக்குச் சோலார் தகடு போட்டு நம்ம வெயில்லதான் கரண்டு எடுக்காக. நாம அதே வெயிலுக்குப் பயந்து கரண்டு வாங்குறோம்.

கேளு. கணக்கெடுக்கிறவரு வெள்ளை அட்டையில எழுதிட்டுப் போன முப்பதாம் நாளு, நீயே மீட்டர்ப் பொட்டிகிட்டப் போயி நின்னு பாரு. அட்டையில இருக்கிறதக் கழிச்சு 250 தாண்டியிருந்தா அந்தப் புள்ளகிட்ட வாயத் தொறக்காத. ஏசி ரிமோட்ட எங்கிட்டக் குடுத்துரு. எங்க வச்சேன்னு எனக்கு மறந்துபோகும், வயசாயிருச்சில்ல.