எந்த லாரி மோதியது?
கேரளத்தின் கொரட்டியில், 1986-இல், சைக்கிளில் வேலைக்குப் போன தொழிலாளியை ஒரு லாரி இடித்தது. ஷிப்டுக்குக் கால் மணி நேரம் இருந்தது, ஆலைக்கு ஒரு கிலோமீட்டர். லாரி அவருடைய முதலாளிக்கே சொந்தம். ஆலையே எதிர்கொண்டு வந்து இடித்தும், அது பணிக்காயமல்ல என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2010-இல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டு (இ.எஸ்.ஐ.) சட்டத்தில் 51-இ பிரிவு சேர்ந்தது: நேரம், இடம், சூழல் மூன்றும் வேலையோடு பொருந்தினால் பயண விபத்தும் பணிக்காயமே. அப்படி ஆனதும் அச்சட்டத்தின் 53-ஆம் பிரிவு விழித்துக்கொண்டது: முதலாளியிடம் வேறெந்தச் சட்டத்திலும் இழப்பீடு கேட்கக் கூடாது. வெளியார் லாரிக்கு இந்தத் தடை இல்லை. ஆகவே, அடிபடப் போகிறவர் நம்பர் பிளேட்டைப் பார்த்து விழுவது உத்தமம்.

இ.எஸ்.ஐ. சந்தா கட்டுகிற முதலாளியை இரண்டு முறை கறக்கலாமா என்பார்கள். ஆலைக்குள் அது நியாயமான பேரம்தான். யார் தவறு என்று நிரூபிக்காமலே தொழிலாளிக்குப் பணம் வருகிறது. பொதுச் சாலையிலோ ஒவ்வொரு மோட்டார் வண்டிக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். வழிப்போக்கர் அடிபட்டால் அந்தக் காப்பீடு பணம் தரும். அதே லாரியில் அதன் முதலாளியின் சொந்தத் தொழிலாளி அடிபட்டால், அந்தத் தடையால் மிச்சமாகும் பணம் பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனத்துக்கு.