பட்டினிக்காரப் பேராண்டிக்கு

ஏலே பேராண்டி, இட்லிய வச்சா "ஆட்டோஃபேஜி ஓடுது தாத்தா"ங்கே. செல்லு தன் பழசைத் தானே தின்னு செரிக்கிற வேலைதானே, சரி ஓடட்டும். பதினாறு மணி நேரம் வாயைக் கட்டிட்டு, அப்புறம் ஆறு பரோட்டாவைப் பிச்சுப்போட்டுச் சால்னாவைக் கொட்டுதியே, அதுக்கு அந்த ஜப்பான்காரர் சம்மதிச்சாராலே?

அவரு பேரு யோஷினோரி ஓசுமி. 1988-ல டோக்கியோப் பல்கலைக்கழகத்துல சொந்த ஆய்வுக்கூடம் அமையும்போது வயசு 43. நீ 23-லேயே ஞானி, அது வேற விசயம். அவரு பிடிச்சது ஈஸ்ட்டை. கள்ளை நுரைக்க வைக்குமே, அதே சாதி. அந்த ஒத்தைச் செல்லுக்குள்ள பெரிய பை ஒண்ணு உண்டு. கழிஞ்ச சாமானெல்லாம் அங்க போய்ச் செரிக்கணும், ஆனா கண்ணுல அகப்படலை. போன வேகத்துல கரைஞ்சுருமுல்லா! மனுசன் செரிக்கிற நொதி கெட்டுப்போன ஈஸ்ட்டாப் பாத்து எடுத்துப் பட்டினி போட்டாரு. சில மணி நேரத்துல பை நெறைய செரிக்காத சாமான் உருண்டை உருண்டையா மிதந்து ஆடுச்சு. சாதாரண மைக்ராஸ்கோப்லயே தெரிஞ்சுது. அந்த நூலைப் பிடிச்சே ஆட்டோஃபேஜியை நடத்துற ஜீன்களையும் தேடிப் பிடிச்சாரு, 2016-ல நோபல்.

செல்லு உன்னை மாதிரி எப்பவும் கண்டதையும் வாயில போடாது. பழுதான மைட்டோகாண்ட்ரியா, கோணிப்போன புரதம்னு பாத்துப் பாத்தும் ரெட்டைச் சவ்வால பொட்டலம் கட்டும். செரிக்கிற பையான லைசோசோமோட சேத்து அமினோ அமிலமா உடைக்கும். பழைய வீட்டைப் பிரிக்கிறவன் தேக்கு உத்தரத்தை அடுப்புலயா வைப்பான்? உடைச்சதை எடுத்தே புதுப் புரதம் கட்டிக்கிடும்.

பட்டினி கிடந்தா இது கூடும், மெய்தான். ஆனா நீ மூக்கு முட்டத் தின்னுட்டுக் கொறட்டை விடும்போதும் கொஞ்சம் நடந்துக்கிட்டுத்தான் இருக்கு. இன்னொண்ணு கேளு: முத்திப்போன புத்துநோய்ச் செல்லும் இரை கிடைக்காதப்போ இதே வித்தையில உசிரைப் பிடிச்சுக்கிடும். கூடினாலே நல்லதுன்னு உன் போன்ல கத்துதவன் அதைச் சொன்னானா? மனுச உடம்புக்கு எத்தனை மணி நேரம்னு அடிச்சுச் சொல்ல ஆளில்லைலே. கணக்கெல்லாம் பெரும்பாலும் ஈஸ்ட்டுக்கும் எலிக்கும் போட்டது.

நீ கிடந்துட்டுப் போ, எளவட்டம், தாங்கும். சக்கரைக்கு மாத்திரை போடுத உங்க ஆச்சியை மட்டும் டாக்டரைக் கேக்காம இந்தக் கூட்டத்துல சேத்துராதே. சில மாத்திரை வெறும் வயித்துல சக்கரையை மயக்கம் போட வைக்கிற அளவுக்கு இறக்கிரும்.