கோட்டின் மேல் நடக்கிறவன்

இந்த முறையும் டிக்கெட் கிடைக்கவில்லை. வருஷா வருஷம் பவுண்டில் சந்தா கட்டி நான் வாங்குவதெல்லாம், டிக்கெட் தீர்ந்துவிட்டது என்பதை ஊருக்கு முன்னால் தெரிந்துகொள்ளும் சலுகையைத்தான். கிளப்பின் பெயரைச் சொல்லமாட்டேன். செந்தூலில் பாதிப் பேர் சந்தோஷப்படுவார்கள்.

அங்கே காலை பத்து என்றால் இங்கே மாலை ஐந்து. அரை நாள் லீவு போட்டு உட்கார்ந்தால், வரிசைப் பக்கத்தில் கோட்டின் மேல் நடக்கிற அந்தக் குட்டி மனுஷன் வந்துவிடுவான். முகம் கிடையாது, அவசரமும் கிடையாது. கால் மட்டும் ஆடுகிறது, ஆள் நகர்வதில்லை. பத்துமலையில் காவடி எடுத்தவன் 272 படியும் ஏறி இறங்கி, மோர் குடித்து, வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பான்; இவன் இன்னும் ஒரு விரற்கடை தாண்டவில்லை. லேப்டாப்பில் ஒருவன், என் போனில் ஒருவன், மகள் போனில் ஒருவன் என்று மூன்று பேரை நடக்கவிட்டேன். மகள் போனில் இருந்தவன் கொஞ்சம் சுறுசுறுப்பு. அவனை நம்பி மற்ற இருவரை மூடவும் மனசு வரவில்லை. பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்யாதே என்று மிரட்டல் வேறு. நடுவில் மகளுக்கு யாரோ போன் அடித்தார்கள். சுறுசுறுப்பானவன் அங்கேயே காலி. லேப்டாப்காரன் ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தபோது மிச்சமிருந்தது சாப்பாட்டோடு சேர்ந்த ஹாஸ்பிடாலிட்டி டிக்கெட் மட்டும். அதன் விலையை வீட்டில் சொல்லவில்லை.

சரி, கிடைத்ததென்றே வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை ஆட்டத்துக்கு ஃபிளைட் போட்டால், டிவிக்காரர்கள் அதைத் திங்கள் இரவுக்குத் தள்ளுவார்கள். அப்போது நாம் கேஎல்ஐஏவில் பெட்டிக்குக் காத்திருப்போம். வெளியாளிடம் வாங்கலாமென்றால், அனுமதியில்லாமல் டிக்கெட்டை விற்பது அங்கே 1994-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம்.

அப்பாவிடம் புலம்பக்கூடாது. அவர் 1980-இல் மெர்டேக்கா ஸ்டேடியத்துக் கவுண்டரில் காசைக் கொடுத்து உள்ளே போய், 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகம் கோல் காத்ததைப் பார்த்தவர். தென் கொரியாவை 2-1 என்று சாய்த்து மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற அந்த அணி, அரசாங்கம் புறக்கணித்ததால் கடைசியில் போகவே இல்லை. "ஜெயிச்சவனுங்களையே போக விடல, நீ பேசாம டிவில பாருடா" என்கிறார்.

மாமாக் கடை நண்பன் யுனைடெட் பக்தன். அவனுடைய ஆட்கள் 2025 மே 28-ஆம் தேதி புக்கிட் ஜாலிலுக்கே வந்தார்கள். செந்தூல் தீமோரில் ஏறினால் ரயில் மாறாமல் போய் இறங்கலாம். போனான். ஆசியான் ஆல்-ஸ்டார்ஸிடம் 1-0 என்று தோற்றதைப் பார்த்துவிட்டு வந்தான். "காசு போச்சு மச்சான்" என்று இன்றுவரை அழுகிறான். எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

நேற்று கிளப்பிலிருந்து மெயில். என் கிரெடிட் கார்டு காலாவதியாகிறதாம். சந்தா தடையின்றிப் புதுப்பிக்கப் புது நம்பரைப் போட வேண்டுமாம். அந்தப் பக்கத்துக்கு மட்டும் வரிசையே இல்லை.