அந்தமான் ரிட்டர்ன்

எம்.ஜி.ஆர். நடித்த ‘அந்தமான் கைதி’ வெளிவந்த 1952ல் அந்தமான் என்றாலே ஊருக்குள் ஒரு நடுக்கம் இருந்தது. போனவர் திரும்புவாரா என்பதுதான் கேள்வி. இன்றைக்குப் போனவர் நாலாம் நாளே திரும்பிவிடுகிறார். பேச்சை எப்போது நிறுத்துவார் என்பதுதான் கேள்வி.

சென்னையிலிருந்து இரண்டு மணி நேர விமானம், ஹேவ்லாக் தீவில் ஒரே ஒரு ஸ்கூபா. முதலீடு அவ்வளவுதான். ஆயுசுக்கும் வட்டி வந்துகொண்டிருக்கும். (அந்தத் தீவுக்கு 2018லேயே ஸ்வராஜ் த்வீப் என்று பேர் மாற்றிவிட்டார்கள். அதை அவரிடம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை.)

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரராக வாய்ப்பார். சாம்பார் ஊற்றும்போது, “நாங்க கடலுக்கு அடியில இருந்தப்போ…” என்று தொடங்குவார். ரசம் வருவதற்குள் உங்களை 12 மீட்டர் ஆழத்துக்கு இறக்கியிருப்பார். பயிற்சி இல்லாதவர்களை அதற்குமேல் இறக்குவதில்லை. ஆனால் பாயசம் வரும்போது ஆழம் இருபதாகியிருக்கும்.

நீச்சல் தெரியாது. தெரிய வேண்டிய கட்டாயமும் இல்லை. முதுகில் சிலிண்டரைக் கட்டிவிட்டு, பயிற்சியாளர் பின்னாலிருந்து அதைப் பிடித்துக்கொண்டு, உற்சவ மூர்த்தியைப் போல அவரைப் பவளப்பாறையைச் சுற்றி எழுந்தருளப் பண்ணுவார்.

அதற்கு முன்னால் இடுப்பளவுத் தண்ணீரில் பாடம் நடக்கும். காது அடைத்தால் மூக்கைப் பிடித்து மெல்ல ஊத வேண்டும். மூச்சை அடக்கவே கூடாது. விரல் இரண்டையும் வட்டமாகச் சேர்த்தால் ‘நன்றாக இருக்கிறேன்’. கட்டைவிரலை உயர்த்தினால் ‘மேலே போகணும்’. அதிர்ஷ்டத்துக்குப் பயிற்சியாளரும் போர்ட் பிளேரில் வளர்ந்த தமிழ்ப்பிள்ளை.

“சார், கீழ போய்க் கட்டைவிரலைக் காட்டிடாதீங்க. தூக்கிட்டு வந்துடுவேன்.”

“எனக்குத் தெரியாதா தம்பி?”

கீழே போனார். கூட்டமாக மீன் வந்தது. பூரித்துப்போனார். கட்டைவிரல் உயர்ந்தது. அடுத்த நிமிடம் ஆள் தண்ணீருக்கு மேலே.

“என்ன தம்பி, பாதியிலேயே தூக்கிட்டே?”

“நீங்கதானே சார் சொன்னீங்க?”

“நான் சூப்பர்னு சொன்னேன்யா!”

மறுபடி இறக்கினார்கள். இறங்கி என்ன பார்த்தார் என்றால், காமிராவைப் பார்த்தார். அந்தப் படங்களிலும் ஒரு குறை. பளிச்சென்று தெரியட்டும் என்று தி.நகரில் தேடிப்பிடித்து ரத்தச் சிவப்பில் நீச்சல் சட்டை வாங்கியிருந்தார். வெளிச்சத்தில் உள்ள சிவப்பைத்தான் தண்ணீர் முதலில் விழுங்கும். சில மீட்டர் இறங்கினாலே சிவப்பு செத்துவிடும். படத்தில் சேற்று நிறச் சட்டையோடு யாரோ ஒருவர் சிரிக்கிறார். “சாயம் போயிடுச்சு, கடைக்காரன் ஏமாத்திட்டான்” என்பது அவர் முடிவு. அந்தச் சட்டை கொடியில் சிவப்பாகவே காய்ந்துகொண்டிருந்தது.

அவர் சிரித்துக்கொண்டிருந்தபோது முழங்கைக்கு அருகே, கடல் சாமந்தியின் கொடுக்குகளுக்கிடையே, ஆரஞ்சு நிறக் கோமாளி மீன்கள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. அந்த இனத்தில் எல்லாமே ஆணாகத்தான் பிறக்கும். குடும்பத்தின் பெண்மீன் செத்துப்போனால் புருஷன்காரனே பெண்ணாக மாறிவிடுவான். 2003ல் வந்த நீமோ படத்தில் தாய்மீன் இறந்ததும், இயற்கைப்படி அப்பா அம்மாவாகியிருக்க வேண்டும். அவருக்கு அது வெறும் ‘நீமோ, நீமோ’. மற்ற மீனெல்லாம் அவருக்குக் காசிமேட்டுக் கணக்கு. களவாவைக் கண்டால் எத்தனை கிலோ தேறும் என்பார். கிளிமீன் ஒன்று பாறையைக் கொறிக்கும் சத்தம் காதிலேயே கேட்டது. அப்படிக் கொறிப்பதையெல்லாம் அரைத்து மணலாக வெளியே தள்ளுவது அதன் வேலை. பவளத் தீவுகளின் வெள்ளை மணலில் நல்ல பங்கு இப்படிப் பின்வாசல் வழியாக வந்ததுதான். முந்தின நாள் மாலை அத்தகைய மணலில்தான் புரண்டு புரண்டு படம் எடுத்துக்கொண்டார். யாரும் அவரிடம் சொல்லவில்லை.

பீற்றலையாவது பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அவருடைய கால். ‘பாறைதானே’ என்று பவளத்தின்மேல் ஊன்றி நிற்கிறார். பவளம் உயிருள்ள பிராணி. கடுகும் மிளகுமாக ஆயிரக்கணக்கில் கூடி, ஒவ்வொன்றும் தனக்கென்று சுண்ணாம்பு வீடு கட்டி எழுப்பியது அந்தப் ‘பாறை’. உருண்டைப் பவளம் வருஷம் பூராவும் பாடுபட்டு வளர்வது ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான். அவர் குதிகால் வைத்த இடம் அவர் தாத்தாவைவிட மூத்ததாக இருக்கலாம். 2010ல் கடல் சூடேறி அந்தமான் பவளங்கள் வெளிறிப்போய் ஏராளமாகச் செத்தன. தப்பிப் பிழைத்ததன்மேல் இவர் நிற்கிறார். பயிற்சியாளர் கம்பியால் சிலிண்டரை ‘டிங் டிங்’ என்று தட்டி எச்சரித்தார். போட்டோவுக்குத்தான் கூப்பிடுகிறார் என்று இவர் இரண்டு விரலை விரித்துக் காட்டினார்.

மனைவி எலிஃபென்ட் பீச்சில் மிதவையைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து ஒரு மணி நேரம் மிதந்தார். “ஏங்க, ஆக்டோபஸ் ஒண்ணு பாறை நிறத்துக்கே மாறிடுச்சே, பாத்தீங்களா?” “அதெல்லாம் டிவியிலயே வரும்” என்றுவிட்டார் இவர்.

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளம், 1986லேயே தேசியப் பூங்கா என்று சொல்லிப் பாருங்கள். “நம்ம ஊர்லயா? சும்மா இருங்க சார்” என்பார். சங்கு குளிக்கிற தூத்துக்குடிக்காரர்கள் காலங்காலமாக அந்தக் கடலில்தான் முங்கி எழுகிறார்கள். அவர்களில் யாரையும் இவர் இன்னும் பந்தியில் சந்திக்கவில்லை; சந்தித்தால் அவர்களுக்கும் பாடம் நடத்துவார்.

ஊர் திரும்பும் நாளில் அவர் காலுறைக்குள் ஒரு பவளத்துண்டு இருக்கும். ஷோகேஸுக்கு. விமான நிலைய ஸ்கேனர் அதைக் காட்டிக்கொடுக்க, “கரையில சும்மா கிடந்துச்சு சார்” என்று வாதாடுவார். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி இருக்கும் அதே முதல் அட்டவணையில் பவளமும் இருக்கிறது. செத்த துண்டானாலும் எடுத்துவரக் கூடாது. அந்தமான் போகிறவர்கள் காலுறையை உதறிவிட்டு விமான நிலையத்துக்குக் கிளம்புங்கள்.