ஜார்ஜ்குட்டியின் செலவுக் கணக்கு
2013இல் வந்த மலையாள ‘த்ரிஷ்யம்’ படத்தில், நாலாங்கிளாஸ் தாண்டாத கேபிள்காரர் ஜார்ஜ்குட்டி ஒரு சாவை மறைக்கப் பிணத்தைப் புதைத்த இடம், கட்டிக்கொண்டிருந்த போலீஸ் ஸ்டேஷனுக்கு அடியில். கள்வன் காவல்காரன் திண்ணையிலேயே படுத்துக்கொண்ட மாதிரி.

2021இல் இரண்டாம் பாகம். ஆள் இப்போது தியேட்டர் முதலாளி; படமெடுக்கப் போகிறேன் என்று கதாசிரியரைத் தேடிப் போகிறார். முதல் மணி நேரம் கொட்டாவி. கடைசியில், ஸ்டேஷனுக்கு அடியில் தோண்டியெடுத்த எலும்புக்கூடே மாறிவிட்டது!

முன்பு தப்பிக்க பஸ் டிக்கெட்டும் ஹோட்டல் பில்லும் போதும். இப்போது குழிவெட்டுபவர், ஆஸ்பத்திரிக் காவலாளி, அச்சடித்த நாவல் என்று ஏகப்பட்ட செலவு. விலைவாசி அப்படி. ரசிகனும் சும்மா இல்லை, நாமும் நாலு படம் பார்த்தவர்கள்தானே!

இயக்குநர் ஜீத்து ஜோசப் எழுதாத ஒரு திருப்பமும் உண்டு: தியேட்டர் முதலாளியின் கதை தியேட்டருக்கு வராமல் நேராக ஓடிடிக்குப் போனது.